படு சுட்டி, ஆனால் எழுதச் சொன்னால் ஓட்டம்: மீத்திறனும் கற்றல் சிரமமும் சேர்ந்த பிள்ளைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறப்புக் கல்வியாளராக வேலை செய்வதால், பெற்றோரும் ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. உங்கள் வீட்டில் இப்போது எது தலைவலியோ அந்தக் கேள்விக்கு நேராகப் போய்விடலாம்.

அபாரமான அறிவும் கற்றல் சிரமமும் ஒரே பிள்ளைக்கு எப்படி இருக்கும்? முரணாகத் தெரிகிறதே?

தாராளமாக இருக்கும். இது புதிதாகக் கண்டுபிடித்த சமாச்சாரமும் இல்லை. 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். பையனின் பெயர் பெர்சி. 749-ஐ 867-ஆல் பெருக்கச் சொன்னால் மளமளவென்று சரியாகப் போட்டுவிட்டான். ஆனால் வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தும் சின்னச் சின்னச் சொற்களைக்கூட வாசிக்க முடியவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடம் முழுவதையும் வாய்மொழியாக நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் குறித்து வைத்திருக்கிறார். டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புச் சிரமம் பற்றிய மிகப் பழைய மருத்துவக் குறிப்புகளில் ஒன்று இது. அதிலேயே இப்படிப்பட்ட பிள்ளைதான் உட்கார்ந்திருக்கிறான். நூறு வருடம் தாண்டியும், "இவ்வளவு அறிவு இருக்கிறவனுக்கு வாசிக்க வராமல் போகுமா?" என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

எழுத்தைப் பார்த்து ஒலியாக மாற்றுவது மூளைக்கு ஒரு வேலை. படித்ததை வைத்து யோசிப்பது வேறு வேலை. பெரும்பாலான பிள்ளைகளிடம் இரண்டும் கைகோத்து வளர்வதால், ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகித்துவிடுகிறோம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பள்ளிக் காலம் முழுக்கத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. அதை வைத்து 2010-இல் வெளியான கட்டுரை இதைத்தான் காட்டியது. மற்றவர்களிடம் நுண்ணறிவும் வாசிப்பும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வளர்ந்தன. டிஸ்லெக்சியா உள்ளவர்களிடம் அந்தப் பிணைப்பு இல்லை. மனநல வல்லுநர்கள் கையேடாக வைத்திருக்கும் டிஎஸ்எம்-5-உம், மீத்திறன் உள்ளவர்களுக்கும் கற்றல் குறைபாடு வரலாம் என்று 2013-இல் எழுத்தாகவே சொல்லிவிட்டது. ஆகவே "இவ்வளவு பேசுகிறவனுக்கு ஒன்றும் இருக்காது" என்று யாராவது திருப்பி அனுப்பினால், இன்னொருவரைப் பாருங்கள்.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறதாமே?

ட்வைஸ் எக்ஸெப்ஷனல், அதாவது இரண்டு விதத்தில் மற்றவர்களிலிருந்து மாறுபட்டவர் என்பார்கள், சுருக்கமாக டூ-ஈ. இது நோயின் பெயர் இல்லை, எந்த மருத்துவரும் சீட்டில் எழுதித் தரமாட்டார். அறிக்கையில் டிஸ்லெக்சியா, ஏடிஹெச்டி (கவனத்தைக் கட்டுப்படுத்துவதில் வரும் சிரமம்) என்று சிரமத்தின் பெயர்தான் இருக்கும். பிள்ளையின் மீத்திறன் வேறு பக்கத்தில், வேறு எண்ணாக இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படிக்கிற வேலை நம்முடையது.

எந்தெந்தச் சிரமங்கள் இதில் வரும்?

வாசிப்பில் டிஸ்லெக்சியா, எழுதுவதில் டிஸ்கிராஃபியா, கணக்கில் டிஸ்கால்குலியா. இவற்றோடு ஏடிஹெச்டி, ஆட்டிசம், உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் வரும் சிரமம். ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்றும் இருப்பது சகஜம். அதனால் ஒரு பெயர் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட வேண்டாம்.

மார்க் சராசரியாக வருகிறது. ஆசிரியரும் புகார் சொல்லவில்லை. அப்புறம் எதற்குக் கவலை?

எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான், ஏனென்றால் இந்தப் பிள்ளைகளில் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் தொலைந்துபோகிறார்கள்.

இவர்கள் மூன்று விதமாக வெளியே தெரிவார்கள். சிலரைப் பார்த்ததுமே புத்திசாலி என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். சிரமம் மட்டும் கண்ணில் படாது. எழுத்துப்பிழையும் கிறுக்கல் கையெழுத்தும் "கவனக்குறைவு" என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிப்போகும். மேல் வகுப்புக்குப் போய்ப் பாடம் கனக்கும்போதுதான் திணறல் வெளியே வரும். சிலருக்கு நேர்மாறாக நடக்கும். வாசிக்க வராது என்பது சீக்கிரமே தெரிந்து, தனிப் பயிற்சிக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தப் பிள்ளை வீட்டில் பழைய ரேடியோவைக் கழற்றிப் போட்டு மறுபடி பூட்டுகிறது என்பதைப் பள்ளியில் யாரும் கேட்கவே மாட்டார்கள்.

மூன்றாவது ரகம்தான் நீங்கள் கேட்டது. இங்கே அறிவு சிரமத்தை மூடுகிறது, சிரமம் அறிவை மூடுகிறது. ஒரு பத்தியில் பாதிச் சொற்களை மட்டும் சரியாக வாசித்து, மீதியை விஷயஞானத்தால் ஊகித்து, கேள்விக்குப் பதிலும் சொல்லிவிடுவாள். மார்க் நடுவாந்திரமாக வரும். வகுப்பில் நடுவாந்திரம் என்பது யாருக்கும் பிரச்சினையே இல்லாத இடம். ஆனால் அந்த நடுவாந்திரத்தை எட்ட அவள் மற்றவர்களைப்போலப் பல மடங்கு உழைத்திருக்கிறாள். மாலையில் வீட்டுக்கு வந்ததும் பையை வீசிவிட்டு, காரணமே இல்லாமல் அழுகிறாள் என்றால் அந்த உழைப்பின் மிச்சம்தான் அது. "பள்ளியில் தங்கமான பிள்ளை, வீட்டில்தான் ஆட்டம்" என்று சொல்கிற பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது, ஒரு பக்கம் படிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைத்தான்.

வீட்டில் எதைப் பார்த்துச் சந்தேகப்படலாம்?

வாய்க்கும் கைக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒன்பது வயதுப் பையன் ஒருவனிடம் "நாம் நடந்தால் நிலாவும் கூடவே வருகிற மாதிரி ஏன் தெரிகிறது?" என்று கேட்டேன். பக்கத்தில் இருக்கும் மரம் சட்டென்று பின்னால் போவதையும், தூரத்து மலை மெதுவாக நகர்வதையும் சொல்லி, நிலா அதைவிட எவ்வளவோ தள்ளி இருப்பதால் நாம் நகர்வது அதற்கு ஒரு பொருட்டே இல்லை என்று முடித்தான். கையை ஆட்டி, எழுந்து நடந்து காட்டி, கோணம் மாறுவதைக்கூட விளக்கினான். சரி, இதையே எழுது என்றேன். பேனாவைக் கையில் எடுத்ததும் ஆள் மாறிவிட்டான். எழுதியது: "நிலா தூரம். அதனல் வருது." மூன்று இடத்தில் அடித்தல், தாளின் பின்பக்கம் தடவினால் தட்டுப்படுகிற அளவுக்கு அழுத்தம். "தூரம்" என்பது நீள்கிற சொல் இல்லை, பிழையும் வராது என்று பார்த்துத்தான் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். தெரிந்ததில் நூறில் ஒரு பங்குதான் தாளில் இறங்கியது. ஆசிரியர் கையில் போய்ச் சேர்வது அந்தத் தாள் மட்டும்தான்.

வாசிப்பில் சோதிக்க இன்னொரு வழி உண்டு. அர்த்தமே இல்லாத சொற்களை எழுதிக் காட்டுங்கள். "பெரணுதி", "டிமுகாசல்", "வொளிப்பகு" மாதிரி. கதைப் புத்தகத்தைச் சரளமாகப் படிப்பதுபோலத் தெரிகிற பிள்ளை இங்கே தடுக்கி விழுந்தால், இதுவரை அவன் எழுத்தைப் படிக்காமல் சூழலை வைத்து ஊகித்துக்கொண்டிருந்தான் என்று அர்த்தம். ஊகிக்கச் சூழலே இல்லாத இடத்தில் சாயம் வெளுத்துவிடும். இது வீட்டு அளவிலான ஒரு துப்புதான். இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

மற்றபடி, கடினமான கணக்கைப் போட்டுவிட்டு எளிய கூட்டலில் தப்புவது, ஆழமான கேள்வி கேட்டுவிட்டு மூன்று படி கொண்ட ஒரு கட்டளையை மறந்துபோவது, எழுத வேண்டிய நாளில் மட்டும் வயிற்றுவலி வருவது. இப்படித் தனித்தனியாகப் பார்த்தால் எல்லாப் பிள்ளைகளிடமும் இருப்பவைதான். மாதக்கணக்கில் ஒரே மாதிரி வந்தால் கவனியுங்கள்.

ஒரு மொழியில் நன்றாகப் படிக்கிறாள், இன்னொன்றில் திணறுகிறாள். டிஸ்லெக்சியா என்றால் எல்லா மொழியிலும் இருக்க வேண்டாமா?

அடிப்படைச் சிரமம் எல்லா மொழியிலும் இருக்கும், ஆனால் ஒரே மாதிரி வெளிப்படாது. எழுத்தும் ஒலியும் ஓரளவு ஒழுங்காகப் பொருந்தும் மொழிகளில், பிள்ளைகள் எப்படியோ சரியாக வாசித்துவிடுவார்கள். ஆனால் மெதுவாக, எழுத்துக்கூட்டி, களைத்துப்போய் வாசிப்பார்கள். இத்தாலியன், ஃபின்னிஷ் மொழிப் பிள்ளைகளிடம் இதை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். எழுதுகிற மாதிரி உச்சரிக்காத ஆங்கிலத்தில் பிழையும் சேர்ந்து கொட்டும். தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட ஒழுங்கானது என்றாலும் க, ச, ட, த, ப இடத்துக்குத் தக்கபடி ஒலி மாறும். எழுதும்போது ர-ற, ல-ள-ழ, ந-ன-ண மூன்றும் படுத்தும். புள்ளி விடுபடும், கொம்பு இடம் மாறும். ஆகவே "தமிழ் நன்றாக வருகிறதே" என்று விட்டுவிடாமல், எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பாருங்கள்.

சோம்பேறித்தனமா, சிரமமா என்று எப்படிப் பிரிப்பது? நேற்று நன்றாகத்தானே எழுதினான்.

நேற்று எழுதியதுதான் இவர்களுக்கு வினையாகிறது. ஒருநாள் செய்துவிட்டால், மறுநாள் செய்யாதது திமிர் என்று ஆகிவிடுகிறது. தானாக ஓட வேண்டிய ஒரு வேலையை முழுக் கவனம் கொடுத்து இழுத்துச் செய்கிறவர்களுக்கு, தூக்கம், பசி, சத்தம், பதற்றம் எல்லாமே கணக்கில் சேரும். ஒருநாள் முடியும், ஒருநாள் முடியாது. இந்த ஏற்ற இறக்கமே ஒரு அடையாளம்.

பல வருடமாகப் பிள்ளைகளோடு இருப்பவள் என்ற முறையில் என் அபிப்பிராயம்: "சோம்பேறி" என்ற முடிவுக்குக் கடைசியில்தான் வர வேண்டும். மற்ற எல்லாவற்றையும் பார்த்துக் கழித்த பிறகு அந்த முடிவு மிஞ்சியதை நான் அதிகம் கண்டதில்லை.

பிடித்த விஷயத்தில் மணிக்கணக்காக மூழ்கிக் கிடக்கிறான். அவனுக்கு ஏடிஹெச்டி என்றால் நம்பும்படியாக இல்லையே?

பெயரில் "கவனக் குறைவு" என்று இருப்பதால் வருகிற குழப்பம் இது. கவனம் இல்லாமல் இல்லை. வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் அதைத் திருப்பி நிறுத்துவதில்தான் சிக்கல். ஆர்வம் இருந்தால் கவனம் தானாக ஒட்டிக்கொள்ளும், எழுந்து சாப்பிடக்கூட மறந்துபோகும். ஆர்வம் இல்லாத இடத்தில் மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிடுவார்கள், இவர்களால் முடியாது. 2007-இல் வெளியான ஒரு மூளை ஸ்கேன் ஆய்வில், ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளின் மூளைப் புறணி முதிர்வது சராசரியாக மூன்று வருடம் பின்தங்கித் தெரிந்தது. அதிலும் திட்டமிடல், கட்டுப்பாடு சம்பந்தப்பட்ட முன்பகுதியில் அது அதிகம். பத்து வயதுப் பிள்ளை பதினாலு வயதுக்காரன்போலப் பேசிவிட்டு, பையை அடுக்குவதில் ஏழு வயதுக்காரன்போல நடந்துகொண்டால், இரண்டுமே அவன்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. தெரிந்த பாடத்தையே திரும்பத் திரும்ப நடத்தினால் எந்தச் சுட்டிப் பிள்ளையும் நெளியத்தான் செய்யும். பாடம் சவாலாக இருக்கும் இடத்திலும் இதே தொல்லை இருக்கிறதா என்று மதிப்பீடு செய்பவர் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள்.

பெண் பிள்ளைகளிடமும் இப்படித்தானா?

இருக்கும், ஆனால் பிந்தித்தான் தெரியவரும். ஓடாமல் ஆடாமல், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையை யாரும் மதிப்பீட்டுக்குப் பரிந்துரைக்க மாட்டார்கள். தோழியைப் பார்த்து அப்படியே நடந்துகொண்டு ஆட்டிசத்தையும் சிலர் மறைத்துக்கொள்கிறார்கள். அதற்கு ஆகும் சக்தி வேறு கணக்கு.

ஐக்யூ டெஸ்ட் எடுத்தோம். மொத்தம் 118 வந்தது. "புத்திசாலிதான், ஆனால் மீத்திறன் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதானா?

மொத்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அறிக்கையை மூடிவிடாதீர்கள். பரவலாகப் பயன்படும் விஸ்க்-5 தேர்வை எடுத்துக்கொள்வோம். அதில் ஐந்து பிரிவுகள் இருக்கின்றன: சொற்புரிதல், பார்த்து இடத்தை உணர்தல், புதிய சிக்கலை யோசித்து அவிழ்த்தல், தகவலை மனதில் நிறுத்தி வேலை செய்தல், செயல் வேகம். ஒவ்வொன்றிலும் 100 சராசரி. 130-க்கு மேல் போகிறவர்கள் நூறில் இரண்டு பேர் அளவுக்குத்தான். இந்த ஐந்தையும் கலந்துதான் அந்த மொத்த எண் வருகிறது.

ஒரு கற்பனைப் பிள்ளையைப் பார்ப்போம். சொற்புரிதல் 132, யோசனைத்திறன் 128, இடவுணர்வு 119, மனதில் நிறுத்துவது 88, வேகம் 80. மொத்த எண் 120-க்குக் கீழே நின்றுவிடும். அந்த எண்ணுக்கு ஏற்ற பிள்ளை உலகத்தில் எங்கேயும் இல்லை. இருப்பவள், யோசிப்பதில் நூறு பேரில் முதல் சிலரில் ஒருத்தி. வேகத்திலோ நூறில் தொண்ணூறு பேர் அவளை முந்துவார்கள். வேகத்தை அளக்கும் பகுதிகளில் ஒன்று, குறியீடுகளைப் பார்த்துப் பார்த்து இரண்டு நிமிடத்தில் எத்தனை எழுத முடிகிறது என்பது. பென்சில் பிடிக்கவே கஷ்டப்படுகிறவளுக்கு அங்கே அடி விழுவதில் என்ன ஆச்சரியம்?

இதற்காகவே பொதுத் திறன் குறியீடு என்று ஒன்று இருக்கிறது. ஜிஏஐ என்பார்கள். மனதில் நிறுத்துவதையும் வேகத்தையும் தவிர்த்துவிட்டு மீதியை வைத்துக் கணக்கிடுவது. மேலே சொன்ன பிள்ளைக்கு அது 130-ஐ நெருங்கும். அறிக்கையில் இல்லை என்றால், எடுத்த தேர்விலிருந்தே கணக்கிட்டுத் தரமுடியும், புதிதாகத் தேர்வு வேண்டியதில்லை. கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பிரிவுக்குப் பிரிவு எண் ஏறி இறங்குவது சாதாரணப் பிள்ளைகளிடமும் உண்டு. இடைவெளியைப் பார்த்ததுமே குறைபாடு என்று முடிவு செய்ய முடியாது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றைத் தனியாகச் சோதித்து, பள்ளி வரலாற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஐக்யூ டெஸ்டை மட்டும் எடுத்துவிட்டு "டிஸ்லெக்சியா இல்லை" என்று யாராவது சொன்னால், வாசிப்பை எதை வைத்துச் சோதித்தீர்கள் என்று பணிவாகக் கேளுங்கள். பதில் அங்கேயே தெரிந்துவிடும்.

முதலில் எழுத்தையும் வாசிப்பையும் சரிசெய்துவிடலாம். அறிவெல்லாம் எங்கே போகப்போகிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் இல்லையா?

எல்லாரும் நல்ல எண்ணத்தோடு சொல்வது இதுதான், எனக்கு ஒவ்வாததும் இதுதான். "முதலில் கையெழுத்தைத் திருத்து, அப்புறம் ரோபோ கிளப்." "எழுத்துப் பரீட்சையில் தேறு, அப்புறம் செஸ்." இப்படிச் சொன்னால் அந்த "அப்புறம்" வரவே வராது. ஏனென்றால் கையெழுத்து ஒரு பருவத்தில் திருந்துகிற விஷயம் இல்லை. டிஸ்லெக்சியா வாழ்நாள் முழுக்கக் கூடவே வருவது. நல்ல பயிற்சியால் வாசிப்பு நிறையவே முன்னேறும், ஆனால் வேகம் கடைசிவரை கொஞ்சம் குறைவாகவே இருக்கலாம். அதுவரை பிள்ளையின் நாளில் தோல்வி மட்டும்தான் மிஞ்சும். காலையில் வகுப்பில் எது வராதோ, அதற்கே மாலையில் தனிப் பயிற்சி.

இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். பலத்துக்குத் தீனி, பலவீனத்துக்குப் பயிற்சி. நேரம் பத்தாது, ஒன்றுதான் முடியும் என்றால் நான் பலத்துக்கான நேரத்தில் கைவைக்க மாட்டேன். தன்னால் எதையோ நன்றாகச் செய்ய முடிகிறது என்று தெரிந்த பிள்ளைதான் கஷ்டமான பயிற்சிக்கு உட்காரும். வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று பிடித்த வகுப்பை நிறுத்துவது, நான் பார்த்த தண்டனைகளிலேயே அதிகச் சேதம் செய்வது.

பயிற்சியிலும் ஒரு விஷயம். எழுத்து-ஒலி உறவை ஒழுங்காக, படிப்படியாக, வெளிப்படையாகச் சொல்லிக்கொடுக்கும் முறைதான் டிஸ்லெக்சியாவுக்கு வேலை செய்கிறது. அது இவர்களுக்கும் வேண்டும். ஆனால் "பட்டம் பற" ரகப் புத்தகத்தைக் கருந்துளை பற்றிப் பேசுகிறவனிடம் நீட்டினால் அவமானப்பட்டுப்போவான். விதியை ஏன் என்று விளக்கிச் சொல்லுங்கள், சொல்லைப் பகுதி, விகுதி என்று பிரித்துக் காட்டுங்கள். விதிக்குப் பின்னால் ஒரு அமைப்பு இருக்கிறது என்று தெரிந்தால் இந்த மூளைகளுக்குப் பிடித்துவிடும்.

தேர்வில் கூடுதல் நேரம், டைப் செய்ய அனுமதி எல்லாம் கொடுத்தால் மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா?

அந்தத் தேர்வு எதை அளக்கிறது என்று கேட்டுக்கொண்டால் போதும். வரலாற்றுத் தேர்வு வரலாறு தெரியுமா என்று பார்ப்பதற்கு. எத்தனை நிமிடத்தில் கை ஓடுகிறது என்று பார்ப்பதற்கு இல்லை. சுருக்கெழுத்துத் தேர்வில் கூடுதல் நேரம் கேட்டால் நானே கொடுக்க மாட்டேன், அங்கே வேகம்தான் பாடம்.

பேசினால் எழுதித் தரும் மென்பொருள், ஆடியோ புத்தகம் என்று பழகிவிட்டால் சொந்தமாகப் படிக்கவே மாட்டானோ?

இந்தப் பயம் நியாயமானதுதான். ஒரு எல்லை போட்டுக்கொள்ளுங்கள். வாசிப்புப் பயிற்சி நேரத்தில் கருவி வேண்டாம், அங்கே வாசிப்பதுதான் வேலை. மற்ற எல்லா நேரத்திலும் கருவி இருக்கட்டும். பத்து வயதில் பதினாலு வயதுப் பாடத்தைப் புரிந்துகொள்கிறவன், கண்ணால் படிக்க முடிகிற புத்தகத்தின் அளவுக்குத் தன் அறிவையும் சுருக்கிக்கொள்ள வேண்டியதில்லை. காதால் கேட்டுச் சேர்க்கிற சொற்கள் பின்னால் வாசிப்புக்கும் உதவும். டைப்பிங்கைச் சீக்கிரமே தொடங்குங்கள். விரல் பழகாமல் தேர்வு வருடத்தில் திடீரென்று மடிக்கணினியைக் கொடுத்தால் அது இன்னொரு சுமை.

வீட்டுப்பாடம் தினமும் போர்க்களம். என்ன செய்யலாம்?

ஆசிரியரிடம் ஒரே ஒரு ஏற்பாட்டைக் கேட்டுப் பாருங்கள்: கஷ்டமானது முதலில். இருபது கணக்கு கொடுத்தால் அதில் மிகக் கடினமான ஐந்தை முதலில் போடட்டும். நாலு சரியாக வந்தால் மீதி வேண்டாம். புரிந்துவிட்டது என்பதற்கு அந்த நாலே சாட்சி. மீதிப் பதினைந்தையும் எழுதவைப்பது எழுத்துப் பயிற்சிதான், கணக்குப் பயிற்சி இல்லை.

கட்டுரை என்றால் யோசிப்பதையும் எழுதுவதையும் பிரித்துவிடுங்கள். அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், அல்லது கைபேசியில் பதிவு செய்யுங்கள். மறுநாள் அதைக் கேட்டு அவன் எழுதட்டும். மீதி நாட்களில் ஒரு நேர வரம்பு வைத்து, அது முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, "இவ்வளவு நேரம் செய்தான்" என்று நீங்களே கீழே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் இதை ஏற்றுக்கொள்கிறார்கள். முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது? "எங்கள் பிள்ளை மேதை" என்று சொல்கிற பெற்றோர் பட்டியலில் சேர்த்துவிடுவார்களே.

அந்தச் சொல்லையே எடுக்காதீர்கள். இரண்டு தாள் கொண்டுபோங்கள். ஒன்று, ஒரு கேள்விக்கு அவள் கைப்பட எழுதிய பதில். இன்னொன்று, அதே கேள்விக்கு அவள் வாயால் சொன்னதை நீங்கள் அப்படியே எழுதியது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, "மிஸ், இந்த இடைவெளியை எப்படிக் குறைக்கலாம், உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?" என்று கேளுங்கள். அறிக்கையின் இருபது பக்கத்தைக் கொடுத்தால் படிக்க யாருக்கும் நேரம் இருக்காது, இந்த இரண்டு தாளை எல்லாரும் படிப்பார்கள். ஒரே நாளில் பத்துச் சலுகை கேட்காமல் ஒன்றே ஒன்றைக் கேட்டு, ஒரு மாதம் பார்க்கலாம் என்று முடியுங்கள்.

வகுப்பு தாண்டிப் போடலாமா?

முழு வகுப்பைத் தாண்டினால் எழுதும் சுமையும் சேர்ந்து ஏறும். பலமான பாடத்துக்கு மட்டும் மேல் வகுப்பில் உட்காரவைப்பது பெரும்பாலும் நல்ல வழி.

கண் பயிற்சி, கலர் கண்ணாடி, மூளைப் பயிற்சி என்று விளம்பரம் வருகிறதே?

பார்வைக் குறை இருக்கிறதா என்று கண் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். அதற்கு மேல் வேண்டாம். டிஸ்லெக்சியாவுக்குக் கண் பயிற்சியோ கலர் லென்ஸோ பலன் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கண் மருத்துவர்கள் சங்கங்களும் 2009-இல் சேர்ந்தே அறிக்கை விட்டுவிட்டன. அந்தப் பணத்தை வாசிப்புப் பயிற்சிக்கு வையுங்கள்.

ஐன்ஸ்டைனுக்கும் டிஸ்லெக்சியா என்று சொல்லித் தைரியம் கொடுக்கலாமா?

வேண்டாம். அதற்கு நம்பகமான ஆதாரம் கிடையாது. 15 வயதுக்குள் நுண்கணிதம் கற்றவர் அவர். உண்மையான ஆட்களே இருக்கும்போது ஏன் கடன் வாங்க வேண்டும்? 2009-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை இருவரோடு பகிர்ந்துகொண்ட கரோல் கிரெய்டர், தன் டிஸ்லெக்சியா பற்றியும், சிறுவயதில் எழுத்துப்பிழைக்காகப் பட்ட அவமானம் பற்றியும் பேசியிருக்கிறார். 2017-இல் வேதியியல் நோபல் பெற்ற சுவிஸ் விஞ்ஞானி ஜாக் டுபோஷே தன் வாழ்க்கைக் குறிப்பில் 1955-ஆம் ஆண்டுக்கு நேராக, தன் மாநிலத்தின் முதல் அதிகாரபூர்வ டிஸ்லெக்சியாக்காரன் தான்தான் என்று குறும்பாகவே எழுதிவைத்திருக்கிறார்.

ஆனால் ஒன்று. நோபல் பெயர்களை அளவோடு சொல்லுங்கள். "நீயும் அப்படி வரணும்" என்று அது அடுத்த பாரமாகிவிடக் கூடாது. நிறைய மாணவர்கள் ஏற்கெனவே, ஒரே தடவையில் சரியாக வராத எதையும் தொடவே மாட்டேன் என்கிற நிலையில்தான் இருக்கிறார்கள்.

பிள்ளையிடம் இதைச் சொல்லலாமா?

சொல்லுங்கள். நீங்கள் பெயர் சொல்லாவிட்டால் அவனே ஒரு பெயர் வைத்துக்கொள்வான். பெரும்பாலும் அது "முட்டாள்" என்றுதான் இருக்கும். "உனக்கு யோசிப்பது வேகம், அதை எழுத்தாக்குவது மெதுவு. ரெண்டுமே உன் மூளை வேலை செய்கிற விதம். மெதுவான பக்கத்துக்கு நாம் பயிற்சி எடுக்கலாம்." ஒன்பது வயதுக்கு இவ்வளவு போதும். "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரிப் பேச்சு வந்தாலோ, பள்ளிக்குப் போவதே நின்றுபோனாலோ, கற்றல் பயிற்சியைத் தள்ளிவைத்துவிட்டு உடனே மனநல ஆலோசகரிடம் அழைத்துப்போங்கள்.

இதையெல்லாம் படிக்கப் படிக்க என் சின்ன வயதுக் கதை மாதிரியே இருக்கிறது. எனக்கும் இருக்குமோ?

இருக்கலாம். டிஸ்லெக்சியாவும் ஏடிஹெச்டியும் குடும்பத்தில் ஓடுபவை. பெற்றோரில் ஒருவருக்கு டிஸ்லெக்சியா என்றால், பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதியை ஒட்டி இருக்கிறது. பிள்ளையின் மதிப்பீட்டுக்குப் போன இடத்தில், கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டே "இது நான்தானே" என்று நிமிர்ந்து பார்க்கிற அப்பாக்களையும் அம்மாக்களையும் எனக்குப் பழக்கம். பெரியவர்களுக்கும் மதிப்பீடு உண்டு, வேண்டுமென்றால் செய்துகொள்ளலாம். வேண்டாம் என்றாலும் தப்பில்லை. "நானும் அப்படித்தான் இருந்தேன், தானாகச் சரியாயிற்று" என்று சொல்லிப் பிள்ளையின் மதிப்பீட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். போகும்போது உங்கள் வரலாற்றையும் சொல்லுங்கள். உங்கள் பழைய மதிப்பெண் அட்டை எங்காவது கிடந்தால் அதையும் எடுத்துப்போங்கள். குடும்ப வரலாறு மதிப்பீடு செய்பவருக்கு நல்ல துப்பு.